அழகர்கோயில் கூரையும் ஜப்பானிய ராமனும்

கடவுளின் கதையைக் கார்ட்டூனாக வரையலாமா? ஜப்பானிய அனிமேஷனான அனிமே என்றாலே தயங்கும் பக்தரின் இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஜப்பானியர் யூகோ சாகோ ராமாயணத்தை அனிமேயாக எடுக்க முனைந்தபோது, விசுவ இந்து பரிஷத் தில்லியிலுள்ள ஜப்பானியத் தூதரகத்துக்கே ஆட்சேபக் கடிதம் அனுப்பியது. சாகோ பின்வாங்கவில்லை. இந்திய அனிமேஷன் முன்னோடி ராம் மோகனோடு கைகோத்தார். ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ 1993இல் தில்லி திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது; 2025 ஜனவரியில் தமிழ்க்குரலோடு திரையரங்குகளுக்கும் வந்தது.

அந்தப் பக்தரின் கேள்விக்கு மதுரைக்காரர்கள் பதிலைத் தேடித் தொலைதூரம் போகவேண்டியதில்லை.

நகரிலிருந்து சுமார் 21 கி.மீ. தள்ளி, அழகர்கோயில் வசந்த மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால் கூரை ஓவியங்களில் ராமாயணம் காட்சி காட்சியாக ஓடுகிறது. ஜப்பானியச் சித்திரக்கதையான மங்காவை வாசிப்பதும் ஏறத்தாழ இப்படித்தான். அடியவர் விரும்பிய உருவில் இறைவன் இறங்கிவருகிறான் என்பது வைணவத்தின் அர்ச்சாவதாரக் கொள்கை. உருவத்துக்கு இவ்வளவு இடம் தரும் மரபு, வரைபவரின் நாட்டை மட்டும் ஏன் பார்க்கவேண்டும்? பார்க்கவேண்டியது சிரத்தையை. ஒவ்வொரு சட்டகத்தையும் கையால் வரைந்த சாகோவின் படத்தில் அது நிறையவே இருக்கிறது.

தயங்குபவர்கள் முதலில் அந்தப் படத்தைத் தமிழில் பார்க்கலாம். பிடித்திருந்தால் அடுத்து ஒசாமு தெசுகாவின் ‘புத்தா’ மங்கா. 1972 முதல் 1983 வரை வந்த அந்தத் தொடர், பிறப்பு, துன்பம், மரணம் பற்றிப் பொறுமையாகப் பேசுகிறது.