‘கூடும்’ என்னும் சொல்

தமிழில் ‘கூடும்’ என்பது இயலுதலையும் குறிக்கும். நிகழலாம் என்னும் ஐயத்தையும் குறிக்கும். கொஸ்லந்த, மீரியபெத்தை தோட்டத்திலே இவ்விரு பொருளும் எதிரெதிரே நின்றன. மலை சரியக்கூடும், குடியிருப்போர் வேறிடம் செல்லவேண்டும் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை மலை சரிந்து லயன்களை மூடிற்று. எச்சரித்தும் அவர்கள் போகவில்லையே என்று பின்னர்க் குறை கூறப்பட்டது. சொந்தமாக ஒரு துண்டு நிலமுமற்ற தொழிலாளி எங்கே போகக்கூடும்? எந்நாளில் என்பதே அங்கு ஐயம். அதனைச் ‘சரியாமலும் இருக்கலாம்’ எனப் பொருள்கொள்ளும் வசதி, மலையடியில் உறங்காதவர்க்கே வாய்த்தது. நிலம் வழங்கும் அதிகாரம் படைத்தோருக்கோ, அச்சொல்லின் முதற்பொருள் அந்த ஒன்பது ஆண்டுகளும் பொருந்தியே இருந்தது.