படச்சுருளும் பார்வையின் சார்பும்

தாராவியின் தொண்ணூறடிச் சாலையில் காலை வெயிலில் பொங்கும் பொங்கல் பானையைப் படமெடுக்க, ஒளியுணர்திறன் குறைந்து 'கிரெயின்' எனப்படும் துகள்கள் நுண்ணியனவாக அமைந்த ஐ.எஸ்.ஓ. 100 படச்சுருள் போதுமெனில், மாதுங்காவில் இரவில் எண்ணெய் விளக்கின் முன் நிற்கும் முகத்துக்கு, துகள்கள் பருத்துத் தெரிந்தாலும் ஐ.எஸ்.ஓ. 800 தேவைப்படும். ஆயினும், ஏறத்தாழ 5500 கெல்வின் நிறவெப்பநிலையுள்ள பகலொளிக்கென அமைந்த வண்ணச்சுருள், கண் வெண்மையென்றே ஏற்கும் வேட்டியை விளக்கொளியில் செம்மஞ்சளாகப் பதிவுசெய்வதால், கண் காண்பது, சுருள் காட்டுவது ஆகிய இரண்டில் எது உண்மை என்னும் வினா எழுகிறது. உயிர் தான் சேர்ந்த பொருளின் இயல்பை ஏற்பதைச் 'சார்ந்ததன் வண்ணமாதல்' என்று சைவ சித்தாந்தம் கூறும். கண்ணும் அவ்வாறே சூழொளிக்கு இசைந்து அதன் நிறத்தை உணராது போக, இசையாத சுருளோ அந்நிறத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் அச்சுருளும் பகலொளியைச் சார்ந்தே அமைந்தது; எனவே சார்பற்ற சுருள் என ஒன்றில்லை. எவ்வொளியை அளவுகோலாகக் கொள்கிறோம் என்பதை அறிந்து தெரிவதே சரியான தேர்வாகும்.