உணராதவனுக்கு உபசாரம் எதற்கு?



நர்சு படிப்புக்குச் செல்லும் நமது பிள்ளைகளுக்கு முதன்முதலில் கைப்பழக்கமாகக் கற்பிக்கப்படுபவை மிகச் சாதாரணமானவை. கை கழுவுதல், படுக்கை விரித்தல், நோயாளியைத் துடைத்தல், வாயைச் சுத்தம் செய்தல், புரட்டிப் படுக்க வைத்தல், செய்ததை எழுதி வைத்தல் ஆகிய இவைதாம். "இதற்கா இவ்வளவு பணம் கட்டினோம்?" என்று எண்ணும் பெற்றோரும் உண்டு. ஆனால் இந்தச் சின்ன வேலைகளுக்குள் ஒரு பெரிய கேள்வி மறைந்திருக்கிறது. நினைவற்றுக் கிடக்கும் ஒருவனுக்கு நாம் செய்ததும் தெரியாது, செய்யாததும் தெரியாது. அவனுக்கு ஏன் இவ்வளவும் செய்ய வேண்டும்?

பிறர்சிநேகத்தினால் என்று உடனே பதில் சொல்லிவிடுவோம். அது சரியே. ஆயினும் அந்தச் சொல்லை நாம் பெரும்பாலும் தருமம் போடுவதற்கே பழக்கி வைத்திருக்கிறோம். போட்டால் புண்ணியம், போடாவிட்டால் கேட்பாரில்லை என்பது நமது கணக்கு. நோயாளியின் காரியம் அப்படியல்ல. அவரவர்க்கு உரியதை அவரவர்க்குக் கொடுப்பதே நீதி என்று அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் போதித்தார். நோயாளிக்குச் செய்யும் பணிவிடை இந்த நீதியைச் சேர்ந்தது என்பதே என் எண்ணம்.

எப்படியென்று பார்ப்போம். நாம் நன்றாகத் தூங்கும்போதுகூட நம்மையறியாமல் புரளுகிறோம். எலும்பு ஓரிடத்தில் மெத்தையை வெகுநேரம் அழுத்தினால் அங்குள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் நசுங்கி, சதைக்கு இரத்தம் போகாது. உடல் அந்த உறுத்தலை அறிந்து தானே திரும்பிக்கொள்ளுகிறது. நினைவற்றவனுக்கு இது இயலாது. முதுகின் அடிப்பாகம், இடுப்பு, குதிகால், பின்மண்டை ஆகிய இடங்களில் முதலில் சிவப்புக் காணும். விரலால் அழுத்தியும் அது வெளுக்காவிட்டால் தீமை தொடங்கிவிட்டது. நமது கறுத்த மேனியில் சிவப்புத் தெளிவாய்த் தெரியாது. ஆகையால் சூடோ கடினமோ உண்டா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கவனியாமல் விட்டால் தோல் போய், சதை அழுகி, புண் எலும்பு வரைக்கும் இறங்கும்.

இதைத் தடுக்கத்தான் இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டுவது நெடுநாள் வழக்கமாக இருக்கிறது. மெத்தையின் தன்மையையும் நோயாளியின் நிலையையும் பார்த்து நேரத்தை மாற்றுவதும் உண்டு. அவனை இழுக்கக் கூடாது, தூக்கித் திருப்ப வேண்டும். கெண்டைக்காலின் கீழ்த் தலையணை வைத்துக் குதிகால் படுக்கையில் படாமல் காக்க வேண்டும். சிவந்த இடத்தில் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பது நமது வீடுகளில் பெரிய அன்பாக எண்ணப்படுகிறது. அதனால் கெடுதலே மிஞ்சும். அப்படியே நினைவற்றவன் வாயில் ஒரு மிடறு பால் ஊற்றுவதும். அது இரைப்பைக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகக்கூடும். அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நனைத்த துணியால் வாயைத் துடைப்பதே தக்க முறை. அன்பு மட்டும் இருந்து அறிவு இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அமெரிக்க நர்சு வர்ஜீனியா ஹெண்டர்சன் 1960-ல் வெளியான தம் சிறு நூலில் நர்சின் வேலை இன்னதென்று விளக்கியிருக்கிறார். பலமும் மனமும் அறிவும் இருந்தால் நோயாளி தனக்குத் தானே எதைச் செய்துகொள்வானோ, அதைச் செய்ய அவனுக்கு உதவுவதே அந்த வேலை என்பது அவருடைய கருத்து. இதை எண்ணும்போது மைனர் பிள்ளையின் சொத்துக்குக் கார்டியனாக இருப்பவர் என் நினைவுக்கு வருகிறார். தன் நிலத்தின் விளைச்சல் எவ்வளவு என்று தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குத் தெரியுமா? தெரியாது. அதனால் கார்டியன் எடுத்துக்கொண்டது திருட்டு அல்லவென்று ஆகிவிடுமா?

உடனிருப்போருக்கும் ஒரு வார்த்தை. கட்டிலருகே நின்று, வீட்டுப் பத்திரம் யாரிடம் இருக்கிறது, மூத்தவனுக்கு எவ்வளவு பங்கு என்று பேசுகிறவர்கள் உண்டு. நினைவு திரும்பிய சிலர், அந்நேரத்தில் பேசியதைக் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். தொடுமுன் பெயர் சொல்லி அழைத்து, "அய்யா, இப்போது உங்களைத் திருப்பப் போகிறேன்" என்று சொல்லும்படியும், துடைக்குமுன் திரையை இழுத்து மறைக்கும்படியும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது வீண் சடங்கல்ல.

அர்ச். கமில்லுஸ் தெ லெல்லிஸ் தம் காலில் ஆறாத புண்ணோடு உரோமாபுரியில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். கூலிக்கு வந்த ஊழியர் நோயாளிகளைக் கவனியாமல் விட்டதைக் கண்டே 1582-ல் அவருக்கு ஒரு சபை தொடங்கும் எண்ணம் உண்டாயிற்று. 1930-ல் பாப்பரசர் 11-ம் பத்திநாதர் அவரை நர்சுகளுக்கும் பாதுகாவலராக அறிவித்தார்.

இங்கே ஓர் ஆட்சேபணை எழும். இராத்திரி வார்டிலே கட்டில்கள் பல, நர்சு ஒருத்தி. முனகுகிறவன் ஒருபுறம், "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிடுகிறவன் மறுபுறம். ஒன்றும் கேளாதவனிடம் போவது நியாயமா? மூச்சுத் திணறுகிறவனிடம் முதலில் ஓட வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மற்றபடி கூப்பிடுகிறவனுக்கு அவன் குரலே வக்கீல். கூப்பிடாதவனுக்காகப் பேசுவது சுவர்க் கடிகாரம் ஒன்றுதான். போதிய ஆட்களை வைக்காத ஆஸ்பத்திரி நிர்வாகமும் இதற்குப் பொறுப்பாளியே. பழி முழுவதும் அந்தப் பெண்ணின் தலையில் விழக் கூடாது.

ஆயினும் ஒரு காரியம் அவள் கையிலேயே இருக்கிறது. இரண்டு மணிக்குப் புரட்ட முடியாமற் போனால், புரட்டியதாக அட்டவணையில் எழுதாதிருக்கலாம். எழுதினால் அடுத்து வருகிறவள் அதை நம்பி வேறு கட்டிலுக்குப் போவாள். நோயாளியோ, "இல்லை, பொய்" என்று சொல்லப் போவதில்லை. செய்யவில்லை என்று உள்ளபடி எழுதட்டும். தலைமை நர்சு கோபித்தால் கோபிக்கட்டும். காலை டியூட்டிக்கு வருகிறவள் அதை வாசித்துவிட்டு முதலில் அந்தக் கட்டிலுக்குத்தான் போவாள்.