தராசு அறிந்தவரின் கடமை

நம் வணிகப் பெருமக்களின் பிள்ளைகள் பலர், முதற்பட்டம் பெற்ற பின்னர், நிதியியலும் பொருளியலும் சேர்ந்த முதுகலைப் படிப்பை நாடுகின்றனர். பெற்றோர் கேட்பவை இரண்டே கேள்விகள்: செலவு எவ்வளவு? சம்பளம் எவ்வளவு? இவை கேட்கத் தக்கவையே. ஆயினும் மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அக்கல்வியைப் பெற்றவர், பெறாதவரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? அதனையே இங்கு சிந்திக்க விழைகின்றோம்.

"கடைக்காரன் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்பாரோடு நாம் உடன்படோம். சிங்கப்பூர் சேஞ்ச் ஆலியில் நாணயம் மாற்றிய நம் முன்னோர், பல நாட்டு நாணயங்களின் விலையை மனக்கணக்காகவே போட்டனர். நாளை விலை இறங்கினால் கையிருப்பு என்னாகும் என்ற கவலை அவர்களுக்கும் இருந்தது. அந்தக் கவலையை அளந்து காட்டுவதே இப்படிப்பின் சாரம். முதல் முழுவதையும் ஒரே சரக்கில் முடக்காதே என்று கடைத் திண்ணையில் சொல்லி வந்த புத்திமதிக்கு, 1952ஆம் ஆண்டு ஹாரி மார்க்கோவிட்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் கணித வடிவம் தந்தார். 1990இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். நல்லறிவு எங்கிருந்து வந்தாலும் கொள்ளத் தக்கதே.

ஆனால், அளக்கத் தெரிந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடுமா? 1997இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ராபர்ட் மெர்ட்டன், மைரன் ஷோல்ஸ் ஆகிய இருவரும் பங்காளிகளாயிருந்த அமெரிக்க முதலீட்டு நிறுவனம், மறு ஆண்டிலேயே கவிழும் நிலைக்கு வந்தது. 14 நிதி நிறுவனங்கள் கூடி ஏறக்குறைய 360 கோடி டாலர் போட்டு அதனைத் தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. மேதைகளின் கணக்கும் தவறும். அது அறிவின் குறை, பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க இயலாதது வேறொன்று. 2008 செப்டம்பரில் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் திவாலான போது, சிங்கப்பூரில் ஏறக்குறைய 10,000 சாதாரண மக்கள் 50 கோடி வெள்ளிக்கு மேல் போட்டிருந்த 'மினிபாண்ட்' முதலிய பத்திரங்கள் பெருமதிப்பை இழந்தன. பெயரைப் பார்த்தால் சிறு கடன் பத்திரம். உள்ளே இருந்ததோ, பல கம்பெனிகள் கடனைத் திருப்பித் தருமா தாராதா என்பதன் மேல் கட்டிய சிக்கலான ஒப்பந்தம். வங்கியில் போட்ட பணம் போலப் பாதுகாப்பானது என்று நம்பி வாங்கிய முதியோரும் அவர்களில் இருந்தனர். 2009 ஜூலையில் சிங்கப்பூர் நாணய ஆணையம், இவ்வகைப் பத்திரங்களை விற்கக் கூடாதென்று 10 நிதி நிறுவனங்களுக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை தடை விதித்தது.

"எல்லாம் தாளில் அச்சடித்திருந்ததே! படிக்காமல் கையொப்பமிட்டது வாங்கியவர் குற்றமன்றோ?" எனச் சிலர் கேட்பர். நம் கடைகளையே எண்ணிப் பார்ப்போம். அண்டை வீட்டுச் சிறு பிள்ளை கையில் காசோடு சீனி வாங்க வருகிறது. தராசின் முள்ளைப் படிக்க அதற்குத் தெரியாது. அதற்காக எடையைக் குறைப்போமா? பெரியவர்க்கு நிறுப்பதைவிடக் கவனமாக அன்றோ நிறுப்போம்! வாங்குபவரின் அறியாமை விற்பவரின் கடமையைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது. சரக்கில் குறையிருந்தால் மறையாமல் காட்டுதல் நம் மார்க்கம் விதித்த வணிக நெறி. நனைந்த அரிசி மூட்டைக்கு உள்ள அந்நெறி, நாற்பது பக்க ஒப்பந்தத்துக்கு இல்லாது போகுமா? விற்றவர்தாம் அறியாமல் விற்றார் எனினும், அதனைச் சமைத்தவர் அறிவாரன்றோ?

இப்பட்டம் பெற்றவர் முன்னே ஊரில் பெரும்பாலோர் தராசு படிக்கத் தெரியாத பிள்ளைகளே. நாற்பதாண்டு கடை நடத்திய தந்தையாரும் அவர்களில் ஒருவர். ஆதலின் படிப்பு உயர உயரப் பொறுப்பும் உயர்கிறது. தாம் அளந்து கண்ட ஆபத்தை, அதனை அளக்கத் தெரியாதவர் தலையில் ஓசையின்றி இறக்கி வைப்பவர், எத்தனை பட்டம் பெற்றிருந்தாலும் கள்ள எடை நிறுப்பவரே.

ஆகவே அன்பர்களே! மகனையோ மகளையோ தயங்காது படிக்க வையுங்கள். படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்த பின், சம்பளத்தைக் கேட்கும் முன் இதனைக் கேளுங்கள்: "நீ விற்கும் பொருளில் லாபம் வந்தால் யாருக்கு? நட்டம் வந்தால் யாருக்கு? வாங்குபவருக்கு இது புரிந்ததா?" நாமே இவற்றைக் கேளாமல் சம்பளத்தை மட்டும் கேட்டோமாயின், பிள்ளை வழி தவறியதற்குப் பல்கலைக்கழகத்தைக் குறை கூறும் உரிமை நமக்கு இல்லை.