ஐந்து நாள் பயிற்சி

எங்கள் கல்லூரியின் உயிர்வேதியியல் துறையிலிருந்து ஒருவரை மெட்டபொலோமிக்ஸ் பயிற்சிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. வெளியூரில் ஐந்து நாள் தங்கிப் படிக்க வேண்டும். தேர்வுக்குழுவில் நானும் இருந்தேன். தகுதியில் முதலில் நின்றவள் என் இளைய தோழி. ஒன்றரை வயதுக் குழந்தையின் தாய். "பாவம், அவளை ஏன் அலைக்கழிக்கணும்?" என்று சொன்னவள் நான்தான். ஆண் ஆசிரியர் ஒருவர் போய்வந்தார். அவளை யாரும் கேட்கவில்லை.

மெட்டபாலிசத்தைத் தமிழில் வளர்சிதைமாற்றம் என்கிறோம். வளர்வதும் சிதைவதும் ஒரே சொல்லுக்குள் இருப்பதில் தமிழாசிரியைக்கு ஒரு மகிழ்ச்சி. அந்த மாற்றத்தில் பங்கேற்கும் சர்க்கரை, அமினோ அமிலம், கொழுப்பு போன்ற சிறு மூலக்கூறுகளை நூற்றுக்கணக்கில் ஒருசேர அளப்பதுதான் மெட்டபொலோமிக்ஸ். தோழி ஆராய்வது இளம்பெண்களின் பிசிஓஎஸ் பிரச்சினையை. ரத்தத்தை எடுத்த பிறகும் அதற்குள் வேதிமாற்றம் நிற்பதில்லை. விரைவாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் உறையவைக்க வேண்டும். அளக்கும் கருவியின் விலையோ கோடிகளில். எல்லாக் கல்லூரிகளும் வாங்க முடியாது, வாங்கத் தேவையுமில்லை. பகிர்ந்துகொள்வதே நியாயம்.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2012இல் இதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. மிச்சிகன், டேவிஸ் போன்ற இடங்களில் வட்டார மையங்கள், சான்டியாகோவில் பொதுத் தரவுக் களஞ்சியம், பயிற்சிக்குத் தனி நிதி. நம் நாட்டிலும் 2020இல் வந்த ஐ-ஸ்டெம் இணையவாசலில், எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று தேடிப் பதிவுசெய்யலாம். தோழி கட்டணம் கட்டி, உலர்பனியில் பொதிந்து மாதிரிகளை அனுப்பினாள். ஆயிரக்கணக்கான எண்களோடு கோப்பு வந்தது. கனடாவில் உருவான மெட்டபோஅனலிஸ்ட் என்ற மென்பொருள் 2009 முதல் இணையத்தில் இலவசம். குழந்தை தூங்கியபின் இரவு பதினொரு மணிக்கு அதன் முன் உட்காருவாள். "எல்லாம் திறந்துதான் இருக்குக்கா. எதை ஏன் அழுத்தறோம்னு சொல்லத்தான் ஆளில்ல" என்றாள்.

அதைச் சொல்லித்தரத்தான் அந்த ஐந்து நாள்.

ஊர்ப் பொதுக்கிணற்றில் யாரெல்லாம் இறைக்க முடியாமல் நின்றார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்தக் கொடுமையோடு இதை ஒப்பிடவில்லை. ஆனால் 'பொது' என்ற சொல்லை அப்படியே நம்ப முடியாதவர்கள் நாம். தடுத்தவர்களிடம் வன்மம் இருந்தது, என்னிடம் இருந்தது இரக்கம்தானே என்று சிலநாள் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். நிற்கவில்லை. அவள் எடுக்க வேண்டிய முடிவை நான் எடுத்தேன். "முடியாது" என்று சொல்வதற்குக்கூட அவளுக்கு இடம் விடவில்லை. குழந்தை எனக்குத் தடையாகத் தெரிந்தது. குழந்தையோடு வர முடியாத பயிற்சி குறையாகத் தெரியவில்லை. கருவி எத்தனை மணி நேரம் ஓடியது என்று கணக்கு வைக்கலாம். வராமல் போனவளை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

அடுத்த பயிற்சிக்கான அறிவிப்பு வந்ததும், குழு கூடுமுன் அவளிடம் கொடுத்தேன். முன்பு நடந்ததையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"கேட்டிருந்தா அம்மாவையும் கூட்டிட்டுப் போயிருப்பேன்க்கா."

அன்று மாலை இருவரும் உட்கார்ந்து, குழந்தையும் பாட்டியும் தங்க விடுதியில் அறை கிடைக்குமா என்று கேட்டு எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை.