சரத்காலத்து நடையும் விஷயாந்தரமும்

இலையுதிர் காலத்தில் வட அமெரிக்க மேப்பிள் மரங்களின் கீழே காரியமின்றி மெல்ல நடந்து, உதிர்ந்த இலையொன்றில் பச்சையம் சிதைய வெளிப்பட்ட மஞ்சளையும், நரம்போரம் இன்னும் ஒட்டிநிற்கும் பச்சையையும் ரஸித்து நிற்பது ப்ரபந்நனுக்கு விஷயாந்தரமாகாதோ என்று கேட்பர் சிலர். நியாயமான கேள்வியே.

ஆயின் கிஷ்கிந்தா காண்டத்தில், பிராட்டியைப் பிரிந்திருந்த பெருமாள், சரத்காலத்துத் தெளிந்த வானத்தையும், நீர் வடிய ஆறுகளில் சிறிது சிறிதாகத் தெரியும் மணல்திட்டுகளையும் இளையபெருமாளுக்கு வர்ணிக்கிறார். எத்தனை நுணுக்கமான பார்வை! அக்காட்சிகள் பிராட்டியை மறப்பிக்கவில்லை, ஆற்றாமையை வளர்த்தன.

இலையை ஏறெடுத்தும் பாராமல் ‘எல்லாம் அவன் திருமேனியே’ என்று சொல்லிக் கடந்துவிடுவது ஞானமன்று, சோம்பல் என்றே அடியேனுக்குத் தோன்றுகிறது. திருவாய்மொழி நாலாம் பத்தில் பராங்குச நாயகி நிலத்தைக் கையால் அளைந்த பின்னரே அதனை அளந்தவனைச் சொல்லுகிறாள்.