ஜெபமும் கடன் பத்திரமும்

கோடைக்கானல் மலையில் பூம்பாறையிலும் மன்னவனூரிலும் மலைப்பூண்டு போடுகிறவருக்கு, விதைப்பூண்டு வாங்கும் நாளில் விலை தெரியாது. மூட்டை வடுகபட்டிச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் தெரியும். 2019-ல் கிடைத்த புவிசார் குறியீடும் அந்தக் கவலையைத் தீர்த்துவிடவில்லை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டங்களில் பூமழை தவறினால் மகசூல் அடிபடும். கடன் வாங்கி விடுதி கட்டியவர்களில் எத்தனை பேர் 2024 மே மாதம் சுற்றுலாப் பயணிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாகும் என்று நினைத்திருப்பார்கள்? இப்படிப்பட்ட தொழிலில் ஒரு கிறிஸ்தவர் கையெழுத்துப் போடுவதற்கு முன் முழங்காலில் நிற்பது இயல்பு. அந்த ஜெபத்தின் பேரில் அடுத்தவர் பணத்தையும் கூலியையும் பணயம் வைக்கலாமா என்பதுதான் இங்கே எழும் அறக் கேள்வி.

விசுவாசியின் பக்கம் வலுவான நியாயம் உண்டு. எவ்வளவு விசாரித்தாலும் கணக்கு ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் துணிவு வேண்டும். அந்தத் துணிவைக் கடவுளிடம் கேட்பதில் தவறில்லை. ஞாயிற்றுக்கிழமை விசுவாசி, திங்கட்கிழமை வியாபாரி என்று தன்னை இரண்டாகப் பிரித்துக்கொள்ள மறுப்பதும் நேர்மைதான்.

ஆனால் கணக்கு நின்ற இடத்தில் ஜெபம் தொடங்குவது வேறு. கணக்கே பார்க்கவிடாமல் ஜெபம் குறுக்கே நிற்பது வேறு. கோடைக்கானல் ஊராக ஆன கதை இதற்கு நல்ல பாடம். அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் சமவெளியின் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் தங்களில் பலரைப் பறிகொடுத்தவர்கள். ஜெபத்தில் குறை வைத்தவர்கள் அல்ல. முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. கோடைக்கானல் அமைந்த பழனி மலையை லெப்டினன்ட் வார்டு என்ற நில அளவையாளர் 1821-லேயே அளந்திருந்தார். 1834-ல் மதுரை சப்-கலெக்டர் செண்பகனூர் அருகே ஒரு சிறு வீடும் கட்டியிருந்தார். மிஷன்காரர்கள் மேலே ஏறி வந்து 1845-ல் சன்னிசைடு, ஷெல்டன் என்ற இரண்டு வீடுகளைக் கட்டத் தொடங்கினார்கள். ஒரு மலை ஒத்துவரவில்லை என்று கண்டதும் அடுத்த மலைக்குப் போக அவர்களுடைய ஜெபம் தடையாக இருக்கவில்லை.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கம் தமிழ்ச் சபைகளில் பரவலானது. பெருக்கத்தைப் பற்றிய வசனம் கைக்கு வந்தால் மனம் குளிரும், குளிரட்டும். அதே அட்டையைக் கூட்டாளியிடம் காட்டி, “கர்த்தர் பேசிவிட்டார், இரண்டாவது கடையைத் திறப்போம்” என்று சொல்லும்போது நிலைமை மாறிவிடுகிறது. கூட்டாளி வட்டி விகிதத்தைப் பற்றிக் கேட்டால் அவிசுவாசி ஆகிறார். நகையை அடகு வைக்கத் தயங்கும் மனைவி தேவசித்தத்துக்குத் தடையாகிறார். எந்த நஷ்டத்தைச் சுமக்கப் போகிறார்களோ, அதைப் பற்றிக் கேட்கும் உரிமையே அவர்களிடமிருந்து போய்விடுகிறது. நஷ்டத்தைவிடப் பெரிய தீமை இதுதான். நஷ்டம் சில வருடங்களில் ஈடாகலாம். கடவுள் பெயரால் வாயடைக்கப்பட்டவர் மறுபடி எளிதில் வாய் திறப்பதில்லை.

சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நிற்பவர்கள் பெரும்பாலும் ஜெயித்தவர்கள். அதே உருக்கத்தோடு ஜெபித்துத் தோற்றவர் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவரையும் பேசவைக்கும் சபைதான் தன் மக்களுக்கு முழு உண்மையைச் சொல்கிறது.

செண்பகனூரில் 1895-ல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியில் தலைமுறை தலைமுறையாக இயேசு சபையினர் பயிற்சி பெற்றார்கள். அந்தச் சபையின் நிறுவனர் இஞ்ஞாசியார் முடிவெடுப்பதற்கு வகுத்த முறையை எந்த வியாபாரியும் கற்றுக்கொள்ளலாம். முதலில் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயாத மனத்தை வேண்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு வழியிலும் உள்ள நன்மை தீமைகளை அறிவால் எடைபோட வேண்டும். முன்பின் பார்த்திராத ஒருவர் இதே சிக்கலோடு வந்தால் என்ன ஆலோசனை சொல்வோம் என்று யோசிக்க வேண்டும். முடிவு தெரிந்த பிறகே அதைக் கடவுளின் முன் வைக்க வேண்டும். மனம் வறண்டு கலங்கியிருக்கும் நேரத்தில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றக் கூடாது என்றும் அவர் எச்சரித்தார். இந்த முறையில் ஜெபம் சந்தை விலையை முன்கூட்டிச் சொல்வதில்லை. கேட்பவரின் பேராசையையும் பயத்தையும் அவருக்கே காட்டுகிறது. ஜெபத்திடம் ஒரு வியாபாரி நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது இது. சந்தேகப்படும் கூட்டாளியின் குரலையும் இப்படி ஜெபிக்கிறவரால்தான் பதற்றமில்லாமல் கேட்க முடியும்.

நஷ்டம் வந்த பிறகு இன்னொரு சோதனை இருக்கிறது. “எல்லாம் கர்த்தருடைய சித்தம்” என்று தன் இழப்பைப் பற்றி ஒருவர் சொன்னால் அது பணிவு. காப்பிப் பழம் பறித்தவருக்குக் கூலி பாக்கி இருக்கும்போது அவரிடமே போய் அதைச் சொன்னால் அது அநியாயம். இன்ன ஊருக்குப் போய் வியாபாரம் செய்து லாபம் சம்பாதிப்போம் என்று திட்டமிடுகிறவர்கள் ‘கர்த்தருக்குச் சித்தமானால்’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது யாக்கோபு நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் வருகிறது. அதை மேற்கோள் காட்டுகிற வியாபாரிகள் நிறைய. அதே நிருபத்தின் அடுத்த அதிகாரம், அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் நிறுத்திவைத்த கூலி கூக்குரலிடுவதையும் அந்தக் குரல் கர்த்தரின் காதுக்கு எட்டிவிட்டதையும் பற்றிப் பேசுகிறது.